ஒரே சி டிரைவ் போதுமா, நாலாகப் பிரிக்க வேண்டுமா?

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்.எஸ்.டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) என்று ஒட்டியிருந்தும் 475 சொச்சம்தான் காட்டுகிறது, அதுவும் ஒரே சி டிரைவாக. விற்றவர் சி, டி, இ, எஃப் என்று நாலாகப் பிரித்துத் தருகிறேன் என்கிறார். உங்களோடு வேலை பார்ப்பவரோ எஸ்.எஸ்.டி-யைப் பிரித்தால் சீக்கிரம் செத்துவிடும் என்கிறார். அப்புறம், வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரை மச்சினர் பையனுக்குக் கொடுக்கப் போகிறீர்கள், அதிலுள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுத்தால் போதுமா என்பது மூன்றாவது. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, "பிள்ளைகள் போட்டோவை எல்லாம் டி டிரைவில் போட்டுவிட்டால் பயமில்லை அல்லவா?" என்று, உண்மையான கேள்வி அதுதான். பயம் இருக்கிறது. 20 வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். டிஸ்க் போய்விட்டது என்று கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர் "டி-யில்தான் சார் வைத்திருந்தேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

முதலில் அந்த 475 கணக்கை முடித்துவிடலாம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் 1 ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் அதையே 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 512 என்பது 476 சொச்சம் ஆகிவிடும், 1 டிபி என்பது 931 ஆகிவிடும். அதிலும் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பார்ட்டிஷன்களுக்கு, அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதிகளுக்குப் போகிறது. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் வினையே அங்கேதான்.

ஒரு டிஸ்கைப் பிரிப்பது என்பது வயலில் வரப்பு போடுவது மாதிரிதான். நிலம் ஒன்றே. வரப்பு போட்டதால் கிழக்குப் பக்கம் வெள்ளம் வந்தால் மேற்குப் பக்கம் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. எந்த வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை டிஸ்கின் முகப்பில் ஒரு அட்டவணையாக எழுதி வைத்திருப்பார்கள். 1983-இல், விண்டோஸுக்கு முந்திய டாஸ் 2.0-வோடு வந்த எம்.பி.ஆர் முறையில் அந்த அட்டவணைக்கு ஒதுக்கிய இடம் வெறும் 64 பைட், ஆளுக்கு 16 பைட் வீதம் நாலு பேருக்குத்தான் இடம். அதனால்தான் பழைய டிஸ்குகளில் நாலு பிரைமரிக்கு மேல் போட முடியாது, ஐந்தாவது வேண்டுமென்றால் எக்ஸ்டெண்டட் என்று ஒன்றை உண்டாக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களைச் செருக வேண்டும். அந்த முறைக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணவும் தெரியாது. இப்போது வரும் லேப்டாப்புகளில் இருப்பது ஜி.பி.டி என்ற புது அட்டவணை முறை. விண்டோஸ் அதில் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது, அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். முகப்பு கெட்டால் கடைசியிலிருப்பதை வைத்து மீட்கலாம். ஃபார்மட் என்பது இதற்கு அடுத்த வேலை. வரப்புக்குள் இருக்கும் இடத்தில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள ஒரு புதுப் பேரேட்டைத் திறப்பதுதான் அது. பிரிப்பது வேறு, ஃபார்மட் வேறு என்பது மனதில் நின்றால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நாலாகப் பிரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. ஃபேட்16 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில், அதாவது பேரேட்டு முறையில், ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபி-க்கு மேல் போகாது. 6 ஜிபி டிஸ்க் வாங்கினால் மூன்றாக வெட்டியே ஆகவேண்டும், வேறு வழியே கிடையாது. 1996-இல் ஃபேட்32 வந்து அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனாலும் விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைரஸ் வந்து சிஸ்டம் படுத்துவிடும், சி-யை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போடுவோம், டி-யில் இருக்கும் பாட்டும் படமும் அப்படியே இருக்கும். எங்கள் தொழிலுக்கே அது வசதி. வாடிக்கையாளரின் ஃபைல்களை எடுத்து வைக்கும் வேலை மிச்சம். இன்னொரு காரணமும் உண்டு: சுழலும் ஹார்ட் டிஸ்கில் வெளிவட்டத்தில் தகவல் வேகமாகப் படிக்கப்படும், முதல் பார்ட்டிஷன் பொதுவாக அங்கேதான் விழும், அதனால் விண்டோஸை முதலாவதாகச் சின்னதாக ஒரு பார்ட்டிஷனில் வைத்தால் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடும். இந்தக் காரணங்களில் எதுவும் உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தாது. விண்டோஸ் 11-ஐ ஃபைல்களை வைத்துக்கொண்டே ரீசெட் செய்யலாம். எஸ்.எஸ்.டி-யில் உள்வட்டமும் இல்லை, வெளிவட்டமும் இல்லை.

உங்களோடு வேலை பார்ப்பவர் சொல்வதும் தப்புதான். எஸ்.எஸ்.டி-க்குள் எதை எங்கே எழுதுவது என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலர், நீங்கள் போட்ட வரப்பைக் கண்டுகொள்வதே இல்லை. சி-யில் எழுதினாலும் டி-யில் எழுதினாலும் எல்லாச் சில்லுகளும் சமமாகத் தேயும்படி அதுவாகப் பரப்பி எழுதும். அதனால் பிரித்தால் ஆயுள் குறையாது, பிரித்தால் வேகம் கூடவும் செய்யாது. எஸ்.எஸ்.டி-க்குப் பிடிக்காதது ஒன்றுதான், விளிம்பு வரை நிரப்பி வைப்பது. காலி இடம் கொஞ்சம் இருந்தால்தான் அதற்கு மூச்சுவிட முடியும்.

என்னைக் கேட்டால், 512 ஜிபி-யை நாலாக வெட்டுவதை வேண்டாம் என்பேன். ஒன்றாகவே விட்டுவிடலாம், இல்லை இரண்டாகப் பிரிக்கலாம், அதற்கு மேல் போகவேண்டாம். என் அனுபவத்தில் பிரித்துக் கொடுத்தவர்களிடமிருந்து வரும் புகார் எப்போதும் ஒரே மாதிரிதான்: சி நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, எஃப் காலியாகக் கிடக்கிறது. கடைக்காரர் 100 ஜிபி-யை சி-க்குக் கொடுத்திருப்பார். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, அது வெறுமனே உள்ளே வந்து உட்காரத்தான். டெஸ்க்டாப்பில் போடுவது, டவுன்லோட் செய்வது, வாட்ஸ்அப், மெயில், பிள்ளைகளின் கேம் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் சி-யில்தான் போய்க் குவியும். அப்புறம் டி-யிலிருந்து கொஞ்சம் பிடுங்கி சி-க்குக் கொடுக்கலாமே என்று பார்த்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற வரி மங்கிப்போய் அழுத்தவே முடியாமல் நிற்கும்.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இதைக் கேட்டுத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு பார்ட்டிஷனை அதன் வலப்பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் நீட்டும். நீங்கள் டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கம் வருமே தவிர, சி-க்கும் டி-க்கும் நடுவில் வராது. சரி, டி-யையே அழித்துவிட்டால்? அப்போதும் பல லேப்டாப்புகளில் சி-க்கு அடுத்தாற்போல் ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று குறுக்கே உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் எழும்ப முடியாமல் போனால் உதவிக்கு வருவது அதுதான். டிஸ்கின் ஆரம்பத்தில் 100 எம்பி-யோ கொஞ்சம் கூடவோ இ.எஃப்.ஐ பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் தேடுவது அதைத்தான். இதையெல்லாம் "என்னடா இது தேவையில்லாமல்" என்று அழித்துவிட்டு, மறுநாள் கறுப்புத் திரையோடு வந்தவர்கள் உண்டு. ரெக்கவரியை நகர்த்தித் தருகிற வேறு மென்பொருள்கள் இருக்கின்றன, பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கின்றன, ஆனால் நகர்த்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஆகவே பிரிப்பதாக இருந்தால் முதல் நாளே, லேப்டாப்பில் ஒன்றுமில்லாதபோதே பிரித்துவிடுங்கள், சி-க்குக் குறைந்தது 200 ஜிபி, கேம் விளையாடும் வீடாக இருந்தால் 300-ஆவது விட்டு.

நீங்களே செய்யலாம், கடைக்காரருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும், சி-யின் மேல் ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம், எவ்வளவு குறைக்கவேண்டும் என்பதை எம்பி கணக்கில் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் காலி இடம் கறுப்புப் பட்டையாகத் தெரியும், அதில் நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து என்.டி.எஃப்.எஸ் என்ற விண்டோஸின் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்தால் டி தயார். ஆனால் அதற்கு முன் இரண்டு வேலை. சார்ஜரைச் செருகுங்கள். இரண்டாவது, டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இப்போது வரும் பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தவுடன் அது தானாகவே பூட்டுப் போட்டுவிடுகிறது, சாவியாக 48 இலக்க எண் ஒன்றை அந்தக் கணக்கில் சேமித்து வைக்கிறது. அந்த எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏதோ ஒன்று மாறிவிட்டது என்று சந்தேகப்பட்டு லேப்டாப் அந்த எண்ணைக் கேட்க, மெயில் பாஸ்வேர்டும் மறந்துபோயிருக்க, கண்முன்னால் ஃபைல்கள் இருந்தும் திறக்க முடியாமல் போனவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. யாராலும் முடியாது, பூட்டு அப்படிப்பட்டது.

200 ஜிபி காலியாக இருந்தும் 30-க்கு மேல் சுருங்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் பயப்படாதீர்கள். விண்டோஸ் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் இந்த மூன்றும் நடுவில் எங்காவது நகராமல் கிடக்கும். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் அதில் சரியாகிவிடும். சில சமயம் ஆகாது. ஃபைல் சிஸ்டத்தின் பேரேடே நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால் விண்டோஸின் கருவி அதைத் தாண்டாது. உங்கள் லேப்டாப் எந்த ரகம் என்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும், இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது.

இனி ஃபார்மட் விஷயம். மச்சினர் பையனுக்குக் கொடுக்குமுன் குவிக் ஃபார்மட் செய்தால் போதுமா? சுழலும் ஹார்ட் டிஸ்கில் நிச்சயம் போதாது. குவிக் ஃபார்மட் பழைய பேரேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பேரேடு வைக்கிறது, அவ்வளவுதான். சரக்கு கிடங்கிலேயே இருக்கிறது. ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கொஞ்சம் ஆர்வமுள்ள பையன் ஒரு ராத்திரி ஓடவிட்டால் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட் முதல் கல்யாண போட்டோ வரை வெளியே எடுத்துவிடுவான். குவிக் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் செய்தால்தான் முழு ஃபார்மட். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டு போகும். எக்ஸ்பி-யில் அப்படி இல்லை, முழு ஃபார்மட் என்றாலும் கெட்ட செக்டார் (டிஸ்கின் சிறு துண்டு) இருக்கிறதா என்று படித்துப் பார்க்குமே தவிர எதையும் அழிக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் "முழு ஃபார்மட் போட்டாலும் எடுத்துவிடலாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முறை பூஜ்ஜியம் எழுதிய இன்றைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்துத் தருகிற கடையை நான் பார்த்ததில்லை. ஏழு முறை அழிக்கவேண்டும், முப்பத்தைந்து முறை அழிக்கவேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்து டிஸ்குகளுக்குச் சொன்னது, உங்களுக்கு ஒரு முறை போதும். 1 டிபி-க்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், சாயங்காலம் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

எஸ்.எஸ்.டி-யில் கதை தலைகீழ். அங்கே குவிக் ஃபார்மட் செய்தாலே விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளையை அனுப்பி, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று சொல்லிவிடும், கன்ட்ரோலர் ஓய்வாக இருக்கும்போது துடைத்துவிடும். மறதியாக லேப்டாப்பின் டி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு ரெக்கவரி கடைக்கு ஓடினால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருக்கவேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்கில் தப்பு செய்தவர்களுக்குக் கிடைத்த மன்னிப்பு இதில் கிடையாது.

தப்பு என்றதும் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை வேறொரு வேலைக்காகக் கொடுத்திருந்தார். அது கம்ப்யூட்டரில் செருகியிருக்கும்போதே, பென் டிரைவ் ஒன்றைச் சுத்தம் செய்ய, கட்டளை தட்டி டிஸ்கைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட் திறந்து, டிஸ்க் 2 தேர்ந்தெடுத்து, கிளீன் அடித்து எண்டர் தட்டினேன். அது "நிச்சயமா?" என்று கேட்காது, ஒரு நொடியில் முடித்துவிட்டேன் என்று சொல்லும். பென் டிரைவ் டிஸ்க் 1. முகூர்த்த மாதத்துக் கல்யாணங்கள் அத்தனையும் அந்த எக்ஸ்டர்னலில். நல்லவேளை, கிளீன் என்பது அட்டவணையை மட்டும்தான் அழிக்கும், கிளீன் ஆல் என்றால்தான் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, தொலைந்த வரப்பு எங்கே இருந்தது என்று அது தேடிக் கண்டுபிடிக்கும்வரை விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் எல்லாம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்த டிஸ்கைத் தொடவேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லா டிஸ்கையும் பிடுங்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். நம்பரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது செருகும் வரிசைக்குத் தக்க மாறும், சைஸைப் பாருங்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு டிஸ்கும் இருந்தால் அதன் வயரைக் கழற்றிவிட்டே ஃபார்மட் செய்யுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. என்றாவது ஒரு நாள் டிஸ்கைச் செருகியதும் "பயன்படுத்துமுன் இதை ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். பேரேடு கெட்டுவிட்டது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், ஓகே கொடுத்தால்தான் சிக்கல். பழைய எம்.பி.ஆர் டிஸ்கில் ஐந்தாவது பார்ட்டிஷன் போடப் போனால், டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி வரும், அதற்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். திரும்பி வருகிற வழி சுலபமில்லை.

பழைய டிஸ்க் எத்தனை வருஷம் ஓடியது என்று நீங்கள் சொல்லவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் என்று இரண்டு வரி இருக்கும், இரண்டின் கடைசிக் கட்டத்திலும் பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. அது பூஜ்ஜியமில்லாமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம், ஃபார்மட் போட்டு அதைத் திருத்த முடியாது. "லோ லெவல் ஃபார்மட் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்பார்கள். உண்மையான லோ லெவல் ஃபார்மட் தொழிற்சாலையோடு முடிந்துபோனது, கடைகளில் அந்தப் பெயரில் செய்வது பூஜ்ஜியம் எழுதுவதுதான். பூஜ்ஜியமாக இருந்தாலும் டிஸ்க் நாளைக்கே நிற்காது என்பதற்கு உறுதி கிடையாது, முன்னறிவிப்பே தராமல் நின்றவற்றையும் பார்த்திருக்கிறேன். டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே கரண்டை நிறுத்துங்கள், எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள். அது என் மாதிரி ஆளின் கையை மீறிய வேலை, தூசியில்லாத அறை வைத்திருக்கும் ரெக்கவரி நிறுவனத்துக்குப் போகவேண்டியது, செலவும் அதற்குத் தக்க இருக்கும்.

இப்போது போட்டோக்களுக்கு வருகிறேன். லேப்டாப் திருடுபோனால் சி-யும் போகும், டி-யும் போகும். எஸ்.எஸ்.டி-யின் கன்ட்ரோலர் செத்தால் நாலு எழுத்தும் சேர்ந்து சாகும். உங்கள் டி டிரைவ் உங்களைக் காப்பாற்றுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான், விண்டோஸ் மட்டும் கெட்டு அதை மறுபடி போடும்போது. அதிலும் போடுகிறவர் அவசரத்தில் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு நெக்ஸ்ட் தட்டாமல் இருக்கவேண்டும். ஆகவே போட்டோக்களுக்கு வேறொரு டிஸ்கில் இன்னொரு நகல் வேண்டும்.

அந்த வேறொரு டிஸ்க் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நல்லது என்று சொன்னால், அந்த 1 டிபி-யை மச்சினர் பையனுக்குக் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, பையனுக்கு 256 ஜிபி-யில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி வாங்கிப் போட்டுக் கொடுங்கள். கம்ப்யூட்டரும் முன்னைவிடப் பல மடங்கு வேகமாக எழும், பையனும் சந்தோஷப்படுவான், உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டும் வெளியே போகாது. கழற்றிய டிஸ்கிலிருக்கும் போட்டோக்களை முதலில் லேப்டாப்புக்கு நகல் எடுங்கள், திறந்து பாருங்கள், அப்புறம் டிஸ்கை ஒரே பார்ட்டிஷனாக ஃபார்மட் செய்து போட்டோக்களை அதற்குள் திரும்ப நகல் எடுங்கள். விண்டோஸில் மட்டும் செருகுவீர்கள் என்றால் என்.டி.எஃப்.எஸ். மேக்கிலும் எழுதவேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் எழுதும்போது பிடுங்கினால் அது சுலபமாகக் கெடும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது, கல்யாண வீடியோ அதில் நுழையாது. மாதம் ஒரு நாள் செருகி, புதிதாகச் சேர்ந்ததை நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள், எந்நேரமும் செருகியே வைத்திருந்தால் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போகும்.

கழற்றிய டிஸ்கை யு.எஸ்.பி-யில் செருக அதற்கு ஒரு கேஸ் (வெளிப்பெட்டி) வேண்டும், அதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது பெரும்பாலும் 3.5 அங்குல டிஸ்க், அது யு.எஸ்.பி தருகிற கரண்டில் சுற்றாது. லேப்டாப் டிஸ்குக்கான 2.5 அங்குல கேஸைக் கொடுத்துவிடுவார்கள், தனி பவர் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.